சுவரும் சித்திரமும்

"சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுதவேண்டும்" என்று பெரியவர்கள் சொன்னது உடம்பைப் பேணும் விஷயத்தைப் பற்றி. ஆனால் அந்தப் பழமொழியை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எடுத்துக்கொண்டு, நமது வீட்டுக் கூடத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்போம். சுவர் இருக்கிறது, சித்திரந்தான் சரியாயில்லை. ஒரு பக்கம் ஜவுளிக் கடைக்காரர் உபயமாகக் கொடுத்த காலண்டர். அது உலகத்தைவிட மூன்று மாதம் பின்தங்கியிருக்கிறது. மற்றொரு பக்கம் யாரோ கலியாணத்துக்குப் பரிசளித்த பிளாஸ்டிக் பூங்கொத்து. அதன் ஒவ்வோர் இதழிலும் தூசி. மேலே, விட்டத்தை ஒட்டினாற்போல், தாத்தாவின் போட்டோ. மழைக்காலத்து ஈரம் சட்டத்துக்குள் புகுந்து, தாத்தாவின் வலது காதும் தலைப்பாகையில் பாதியும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

இதையெல்லாம் சற்றே சீர்ப்படுத்தலாமே என்று வீட்டில் ஒருவர் வாயைத் திறந்தால், மற்றவர்களுக்கு உடனே கடை வீதியின் ஞாபகம் வந்துவிடுகிறது. புதுத் திரை, புதுச் சட்டம், சுவரில் ஒட்டும் வர்ணக் காகிதம் என்று ஜாபிதா நீள்கிறது. ஜாபிதாவின் அடியில் தொகையைக் கூட்டிப் பார்த்ததும், "அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தீர்மானம் நிறைவேறுகிறது. அழகு என்பது விலை கொடுத்து வாங்கி வரும் சாமான் என்ற எண்ணம் நமக்கு எப்படித்தான் வந்ததோ தெரியவில்லை. வாசலில் ஒரு பிடி அரிசி மாவைக்கொண்டு தினந்தோறும் கோலமிடுகிற ஜாதி அல்லவா நாம்!

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டக்கூடிய உதாரணம் ஒன்று நமது தேச சரித்திரத்திலேயே இருக்கிறது. 1936-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பெய்ஸ்பூரில் காங்கிரஸ் மகாசபை கூடியது. பட்டணங்களை விட்டு ஒரு கிராமத்தில் மகாசபை கூடியது அதுவே முதல் தடவை. மகாநாட்டுப் பந்தலை அலங்கரிக்கும் பொறுப்பை மகாத்மா காந்தி சாந்திநிகேதனத்துச் சித்திரக்காரர் நந்தலால் போஸிடம் ஒப்புவித்தார். கிராமத்தில் கிடைக்கும் பொருள்களைக்கொண்டே, கிராமத்துத் தொழிலாளிகளின் கையாலேயே, சொற்பச் செலவில் எல்லாம் நடைபெறவேண்டும் என்பது மகாத்மாவின் விருப்பம். நந்தலால் மூங்கிலையும் நாணலையும் கூடையையும் எடுத்துக்கொண்டார். பட்டும் ஜரிகையும் இல்லாமலேயே பெய்ஸ்பூர் விழாக்கோலம் பூண்டது.

1938-ல் குஜராத்தில் ஹரிபுராவில் மகாசபை கூடியபோது அவர் செய்தது இதைவிடப் பெரிது. ஏறக்குறைய இரண்டடிச் சதுரத்தில் சுமார் நானூறு படங்கள்! அவற்றில் பலவற்றைத் தாமே எழுதினார். மற்றவற்றை அவருடைய மாணாக்கர்கள் அவர் எழுதிய மாதிரியைப் பார்த்து எழுதினார்கள். கையால் செய்த காகிதத்தில் மண் வர்ணங்களைத் தீட்டியவை அப்படங்கள். உழவன், குயவன், மத்தளம் வாசிப்பவன், தானியம் குத்துகிற பெண், குழந்தைக்குப் பாலூட்டும் தாய் ஆகிய இவர்களே அவற்றின் நாயகர்கள். அவற்றை வாசல் வளைவுகளிலும் பந்தலிலும் தொங்கவிட்டார்கள். சில நாள் கூட்டத்துக்காக எழுதிய அப்படங்களில் ஒரு பகுதியைப் புது டில்லியிலுள்ள தேசீய நவீன கலைக்கூடம் இன்று பொக்கிஷமாகக் காப்பாற்றி வருகிறது.

நாம் எல்லோரும் நந்தலால் போஸ் ஆகிவிட முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் அவர் முதலில் கேட்டுக்கொண்ட கேள்வியை நாமும் கேட்டுக்கொள்ளலாம். "என்ன வாங்க வேண்டும்?" என்பதல்ல அந்தக் கேள்வி. "இங்கே என்ன இருக்கிறது?" என்பதே. நமது வீட்டில் இருப்பவை பழம் புடவை, கிழிந்த வேஷ்டி, பழைய கண்ணாடி, வெயில். போட்டோக்களும் இருக்கின்றன. இவை போதும்.

முதலில் சுவர். சுண்ணாம்பு அடிப்பதை ஏழைகளின் வேலை என்று நினைத்து இப்போது பலரும் விட்டுவிட்டார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பின் வெண்மைக்கு நிகராக டப்பாவில் வரும் வர்ணம் எதையும் நான் பார்த்ததில்லை. அது சுவரை மூச்சு விடச் செய்கிறது, பூஞ்சணத்தை அண்டவிடாது. வாளியில் முதலில் தண்ணீரை விட்டு, அதில் கிளிஞ்சலைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். கிளிஞ்சலின்மேல் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. குழந்தைகளை இந்த இடத்தில் அண்டவிடக் கூடாது. நீர்த்த சுண்ணாம்பை ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோற்றுக் கஞ்சி சேர்த்துக்கொண்டால் கையில் ஒட்டாது. துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை கலந்தால் வெள்ளை பளிச்சென்று தெரியும். ஏற்கெனவே பிளாஸ்டிக் வர்ணம் பூசிய சுவரில் மட்டும் சுண்ணாம்பு நிற்காது, உதிர்ந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் சுவரைச் சோப்புத் தண்ணீரால் துடைப்பதோடு திருப்தியடைய வேண்டியதுதான். சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காவிப் பட்டை இழுத்துவிட்டால் கூடத்துக்கே ஒரு களை வந்துவிடுகிறது. துடைப்பம் படும் கறையும் தெரியாது.

திரைக்குக் கடைக்குப் போகவேண்டாம். உடுத்த முடியாமல் போன ஆறு கெஜப் புடவை ஒன்று போதும். புடவையின் நீளம் 216 அங்குலம். அதை நான்காக மடித்து வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 54 அங்குலம். மேலே கம்பி நுழையவும் கீழே மடித்துத் தைக்கவும் ஆறு அங்குலம் போனால் நாலடித் திரை கிடைக்கிறது. மூன்றடி அகலமுள்ள ஜன்னலுக்கு இரண்டு துண்டுகள் வீதம் இரண்டு ஜன்னல்களுக்கு ஆயிற்று. சுருக்கம் தாராளமாக விழும். வெயிலுக்கெதிரே நூல் புடவை காட்டும் சோபை கடைத் துணிக்கு வருவதில்லை. ஒரு விஷயம் மட்டும் ஞாபகமிருக்கட்டும். பட்டுப் புடவையை வெயில் படும் ஜன்னலில் மாட்டக் கூடாது. இரண்டு கோடைக்குள் அது இழை இழையாகக் கிழிந்துபோகும்.

இனிப் படங்களுக்கு வருவோம். ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவித் தமது சித்திரங்களை வர்ணக் கல்லச்சில் ஏற்றி விற்கத் தொடங்கிய பிறகு, லக்ஷ்மியும் ஸரஸ்வதியும் ராஜாக்களின் அரண்மனைகளிலிருந்து இறங்கி ஏழைகளின் கூடத்துக்கு வந்தார்கள். நமது பாட்டிமார்கள் அந்தப் படங்களை வாங்கி அப்படியே மாட்டிவிடவில்லை. லக்ஷ்மியின் சேலைக்குப் பழைய சாட்டின் துணியை வெட்டி ஒட்டினார்கள், தலைப்புக்கு ஜரிகை, மூக்குத்திக்கு ஒரு கல், மாலைக்குப் பாசிமணி. ஆயிரம் வீடுகளில் ஒரே மாதிரி இருந்த அச்சுப் படம், அந்த வேலைக்குப் பிறகு அந்த ஒரு வீட்டுக்கே உரியதாகிவிட்டது. இப்பொழுது நம் வீட்டில் குவிகிற கலியாணப் பத்திரிகைகளை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் விழிக்கிறோம். பிள்ளையார் படம் இருப்பதால் குப்பையில் போட மனம் வருவதில்லை, வைத்துக்கொள்ளவோ இடமில்லை. அந்தப் பிள்ளையார்களை வெட்டியெடுத்து, பழம் பட்டுத் துண்டின்மேல் ஒட்டி, ஜரிகை வைத்துத் தைத்துப் பாருங்கள்.

ஆனால் போட்டோ அப்படியல்ல. அச்சுப் படம் கெட்டால் வேறொன்று வாங்கிவிடலாம். 1940-ல் எடுத்த அத்தையின் போட்டோவுக்கு இன்னொரு பிரதியை எந்தக் கடையில் வாங்குவது? ஆகையால் போட்டோவை அலங்கரிப்பதற்கு முன்னால் அதைக் காப்பாற்றத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோவின் முகப்பில் ஜெலட்டின் என்ற மெல்லிய பசை போன்ற படலம் இருக்கிறது. உருவத்தைத் தாங்குகிற வெள்ளித் துகள்கள் அதில்தான் பதிந்திருக்கின்றன. ஈரக் காற்றில் அது இளகும். இளகிய சமயத்தில் கண்ணாடி அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். தாத்தாவின் காதுக்கு நேர்ந்தது அதுவே. அப்படி ஒட்டிக்கொண்ட போட்டோவை ஒருபோதும் பிய்த்தெடுக்க முயலாதீர்கள். காது கண்ணாடியிலும் தாத்தா காகிதத்திலும் தனித்தனியே வந்துசேர்வார்கள். கண்ணாடியோடு அப்படியே வைத்துக்கொண்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நிறுத்தி, அதை இன்னொரு போட்டோ எடுத்துவிடுங்கள். இந்தக் காலத்தில் கையிலுள்ள டெலிபோனே அதற்குப் போதுமாயிருக்கிறது.

ஒட்டாத போட்டோவுக்குப் புதிதாகச் சட்டம் போடும்போது, போட்டோவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஜன்னல் வெட்டிய அட்டை ஒன்று வரவேண்டும். இது அழகுக்கு மட்டுமல்ல; கண்ணாடி போட்டோவைத் தொடாமல் இருப்பதற்காகவும்தான். நாலங்குல அகலம், ஆறங்குல உயரமுள்ள போட்டோவுக்கு மேலும் பக்கங்களிலும் இரண்டு அங்குலம், கீழே மட்டும் இரண்டரை அங்குலம் விட்டால் கண்ணுக்குச் சமமாகத் தோன்றும். நான்கு பக்கமும் ஒரே அளவு விட்டால் படம் கீழே சரிந்தாற்போல் இருக்கும். ஆகச் சட்டத்தின் உள்ளளவு எட்டுக்குப் பத்தரை. பழைய சட்டங்கள் வீட்டுப் பரணில் கட்டாயம் இருக்கும். அவற்றைத் தேய்த்து எண்ணெய் போட்டால் தேக்கின் நிறம் மறுபடி வெளிவரும்.

அட்டை விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம். மரக்கூழ் காகிதத்தில் நாளடைவில் அமிலம் ஊறுகிறது; பழைய பத்திரிகை மஞ்சளாகி நொறுங்குவது அதனால்தான். அந்த அமிலம் போட்டோவையும் தொற்றும். பருத்திக் கந்தலிலிருந்து செய்த கைக்காகிதத்துக்கு இந்தத் தோஷம் இல்லை. 1934-ல் வார்தாவில் மகாத்மா காந்தி அகில பாரத கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஸ்தாபித்தபோது, அதன் காரியதரிசியாக இருந்து நடத்தியவர் நமது தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அச்சங்கம் கைதூக்கிவிட்ட தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. கதர்க் கடைகளில் கேட்டால் கிடைக்கும். இரண்டு மூன்று தாள்களைக் கோதுமை மாவுப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாரம் வைத்து உலர்த்தினால் கெட்டியான அட்டை ஆகிவிடும். போட்டோவை மட்டும் அட்டையில் முழுவதும் ஒட்டிவிடக் கூடாது. நான்கு மூலைகளுக்கும் காகிதத்தால் முக்கோணப் பைகள் மடித்து, அவற்றில் செருகுங்கள்; வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். பளபளவென்றிருக்கும் ஒட்டு நாடா போட்டோவின் பக்கத்திலேயே வரக்கூடாது. அது போட்ட இடத்தில் பழுப்புக் கறை இறங்கினால் பிறகு யாராலும் எடுக்க முடியாது.

சட்டத்தின் பின்புறத்தைப் பழுப்புக் காகிதத்தால் மூடி ஒட்டிவிட்டால் வெள்ளிப்பூச்சி நுழையாது. கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு வைத்தால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும். நேர் வெயில் விழும் சுவரில் எந்தப் போட்டோவையும் மாட்டாதீர்கள்.

படங்களை விட்டத்தை ஒட்டி, முன்புறம் சாய்த்து மாட்டும் பழைய வழக்கத்தைப் பார்த்து இளைஞர்கள் சிரிக்கிறார்கள். பாயில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்கு, சாய்ந்திருக்கும் படந்தான் நேராகத் தெரியும். கண்ணாடியின் பளபளப்பும் கண்ணைக் கூசாது. நாம் நாற்காலிக்கு மாறிவிட்டோம். படங்கள் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டன. அவ்வளவுதான் விஷயம். நிற்பவர் கண்ணுக்கு நேராகப் படத்தின் நடுப்பாகம் வரும்படி இறக்கி மாட்டினால், தாத்தாவோடு நாம் முகம் கொடுத்துப் பேசலாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய குடும்பப் போட்டோ ஒன்றை இறக்கித் தூசி தட்டி, "இவர் யார்?" என்று கேளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைகளின் பெயரும் உத்தியோகமும் உடனே வந்துவிடும். தரையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் காட்டினால், "அது பெரிய தாத்தாவின் சம்சாரம், சின்ன வயதிலேயே போய்விட்டாள்" என்பார்கள். பெயர்? எண்பது வயதுப் பாட்டி ஒருத்திதான் அதை அறிவாள். அவளும் போய்விட்டால் அந்தப் பெண் இந்த உலகத்தில் இருந்ததற்கு அந்தக் காகிதத்தைத் தவிர வேறு சாக்ஷி இல்லை. அந்தக் காகிதமோ பேசாது. போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்ற பயத்தால் அந்தக் காலத்து ஸ்திரீகள் பலர் காமிராவுக்கு முன்னால் வரவே இல்லை. வந்த சிலருடைய பெயரையாவது நாம் காப்பாற்ற வேண்டாமா? ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முகத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போட்டோவின் முதுகில், ஓரத்தில், மெதுவான பென்சிலால் அழுத்தாமல் எழுதவேண்டும். மைப் பேனா கூடாது. மை மறுபக்கம் ஊறும். பெயர், ஊர், யாருடைய மகள், எந்த வருஷம் என்ற நான்கு விவரங்கள் போதும்.

பெயர் கிடைத்துவிட்டது, போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பாகப் பிரிவினையில் நிலத்தை நான்காகப் பிரிக்கலாம். போட்டோவைப் பிரிக்க முடியுமா? அதை எடுத்துக்கொண்டு போன தம்பியிடம் அக்காமார்களுக்கு இருபது வருஷம் வருத்தம் இருந்ததையும் பார்த்திருக்கிறோம். இதற்கு வெயிலே ஒரு வழி வைத்திருக்கிறது. யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் குமாரர் ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்ட நீல அச்சு முறை அது. மறு வருஷமே அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கில மாது கடற்பாசிகளை அம்முறையில் படமெடுத்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினாள். போட்டோப் படங்களோடு வெளிவந்த முதல் புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள். பின்னால் என்ஜினீயர்கள் கட்டிட வரைபடங்களைப் பிரதி எடுக்க இதையே கையாண்டார்கள். 'புளூ பிரிண்ட்' என்ற பெயர் வந்தது அதனால்தான்.

இதற்கு வேண்டிய மருந்துகள் இரண்டே. ரசாயனப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும். பச்சை நிறமான பெர்ரிக் அம்மோனியம் ஸிட்ரேட் 25 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு சீசாவிலும், பொட்டாசியம் பெர்ரிசயனைடு 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து மற்றொரு சீசாவிலும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்; கொல்லும் விஷமான சயனைடு வேறு, இது வேறு. இதில் இரும்பு அந்த விஷத்தை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனாலும் கடுமையான அமிலத்தோடு கலப்பதும் அடுப்பில் காய்ச்சுவதும் கூடவே கூடாது. சமையல் பாத்திரங்களை இதற்கு எடுக்காமல், பெரியவர்களே உறை மாட்டிக்கொண்டு கலப்பது நலம்.

இரவில், மங்கிய மஞ்சள் விளக்கில், இரண்டையும் சம அளவு கலந்து கைக்காகிதத்தில் தூரிகையால் மெல்லப் பூசி, இருட்டறையில் உலர்த்துங்கள். பழைய போட்டோவை டெலிபோனில் படமெடுத்து, வெளுப்பைக் கறுப்பாகவும் கறுப்பை வெளுப்பாகவும் மாற்றி, கூடவே இடம் வலமும் மாற்றி, பிரதி எடுக்கும் கடையில் லேஸர் அச்சுக்கு உரிய கண்ணாடித் தாளில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடம் வலம் மாற்றுவது ஏனென்றால், அச்சேறிய பக்கம் காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் உருவம் கூர்மையாக விழும். கறுப்பு போதவில்லையானால் இரண்டு தாள்களைச் சரியாகப் பொருத்தி ஒன்றாக்கிக்கொள்ளலாம். பலகை, அதன்மேல் மருந்துக் காகிதம், அதன்மேல் அச்சுத் தாள், அதன்மேல் கண்ணாடி என்று அடுக்கிக் கவ்வி போட்டு, உச்சி வெயிலில் பத்து நிமிஷம் வையுங்கள். ஓரத்தில் தெரியும் மருந்து மஞ்சள் பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு வெண்கலச் சாம்பல் நிறமானால் போதும். நிழலுக்குள் கொண்டுவந்து தண்ணீரில் அலசினால் மஞ்சள் கரைந்து ஓட, நீலத்தில் முகம் எழுந்து வருகிறது. அந்தக் கணத்தைப் பார்த்த குழந்தைகள் பிறகு வெயிலைச் சும்மா விடமாட்டார்கள். வேப்பிலை, முருங்கைக் கொத்து, பாட்டியின் ஜாக்கெட்டிலிருந்த ஜரிகைப் பின்னல் எல்லாம் காகிதத்தில் ஏறிவிடும். கஞ்சி போகத் துவைத்த கதர்த் துணியிலும் இதே முறையில் அச்சிட்டு, தலையணை உறையும் திரையும் தைக்கலாம்.

மஞ்சள் முழுவதும் போகும்வரை நாலைந்து தடவை தண்ணீர் மாற்றுங்கள். உப்புக் கிணற்று நீர் இதற்கு ஆகாது. குடிக்கும் தண்ணீரே நல்லது. உலர்ந்தபின் ஒரு நாளில் நீலம் இன்னும் ஆழமாகும். இந்த நீலத்துக்குப் பரம விரோதி காரம். சவர்க்காரம் பட்டால் வெளுத்துவிடும். ஆகையால் துணியைச் சோடா உப்பு போட்டுத் துவைக்கக் கூடாது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரை நீலப் படம் நேராகத் தொடவும் கூடாது. மேலே சொன்ன தக்கைத் துண்டுகள் இங்கே இன்னும் அவசியம். வெகுநாள் வெளிச்சத்தில் இருந்து சற்று மங்கினால், இறக்கி அலமாரி இருட்டில் சில நாள் வைத்திருங்கள். பெரும்பாலும் நிறம் தானே திரும்பிவிடும்.

நாலு பெண்கள் நாலு ஊரில் இருந்தால் நாலு பிரதிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பாட்டி சொன்ன அந்தப் பெயர், பென்சிலில். தபாலில் அனுப்பும்போது சுருட்டாமல், படத்தைவிட ஓரங்குலம் பெரிதான இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள்.